வரிசையா, காசா?

இங்கிலாந்தில் ஒருவருக்கு முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும். அதற்குக் காசு வேண்டாம். 1948 முதல் அங்கே அரசே மருத்துவம் பார்க்கிறது. செலவு மக்களின் வரிப்பணம். சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அனைரின் பெவன் கொண்டுவந்த திட்டம் இது.

ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும். 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது கணக்கு. பலருக்கு அதையும் தாண்டிப் போகிறது. வலியோடு காத்திருப்பது லேசா?

அமெரிக்காவில் பெரும்பாலோர் தனியார் இன்சூரன்ஸை நம்பி இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பலருக்கு அது வேலையோடு வருகிறது. வேலை போனால் அதுவும் போய்விடும். இன்சூரன்ஸ் இருந்தாலும் முதலில் ஒரு தொகை கைக்காசு போட வேண்டும். அதற்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். அவர்களும் காத்திருப்பவர்கள்தான். எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இல்லை.