கொழுந்து ஏறும் மாதங்களில் உடம்பு இறங்கக் கூடாது

55 கிலோ எடையுள்ள ஒரு பெண் நூறு மீட்டர் உயரம் மேடேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏற்றத்துக்கு மட்டும் உடம்பு ஏறக்குறைய 50 கலோரி செலவழிக்கும். முதுகில் 25 கிலோ கொழுந்து மூட்டை இருந்தால் அதே ஏற்றத்துக்கு 75 கலோரி ஆகும். எரிக்கிற சக்தியில் கால் பங்கைத்தான் தசை வேலையாக மாற்றுகிறது, மீதி வெப்பமாகப் போய்விடுகிறது என்பதால் வரும் கணக்கு இது. சமவெளியில் நடப்பவருக்குத் தூரம்தான் செலவு. குன்னூர், கோத்தகிரி, வால்பாறைச் சரிவுகளில் வேலை பார்ப்பவருக்கு ஏற்றமும் பாரமும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. எடை போடும் இடத்துக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறோம் என்று தோட்டத்தில் யாரும் எண்ணுவதில்லை. எத்தனை கிலோ என்பதுதான் பேரேட்டில் ஏறுகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உட்கார்ந்து செய்யும் வேலையென்றால் நாளுக்கு 1,660 கலோரி போதும். நடுத்தர உழைப்புக்கு 2,130, கடும் உழைப்புக்கு 2,720 கலோரி வேண்டும். 65 கிலோ ஆணுக்கு இதே மூன்று அளவுகளும் 2,110, 2,710, 3,470. மேசை வேலைக்கும் மலைச்சரிவு வேலைக்கும் நடுவே பெண்ணுக்கு ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம். அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சுவதைச் சாப்பிடும் வழக்கமுள்ள ஒரு பெண்ணுக்கு அது வருவதேயில்லை. உடம்பில் இருக்கிற கொழுப்பிலிருந்தும், பிறகு தசையிலிருந்தும் அந்தப் பற்றாக்குறை ஈடுகட்டப்படுகிறது.

நீலகிரித் தேயிலைக்கு ஆண்டில் இரண்டு உச்சங்கள் உண்டு. கோடை மழைக்குப் பிறகு ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. அந்த மாதங்களில் கொழுந்து யாருக்கும் காத்திருக்காது. சுற்று தவறினால் இலை முற்றிவிடும், தொழிற்சாலையில் விலை விழும். ஆகவே எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள். நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தால் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் காசு என்பதால் தொழிலாளியும் தன்னைத் தானே விரட்டிக்கொள்கிறார். பள்ளிக் கட்டணம், குழுக் கடன், வீட்டு விசேஷம் எல்லாம் அந்தக் கூடுதல் காசை நம்பித்தான் இருக்கின்றன. அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஊட்டி, கேத்தி, முத்தோரை பாலாடா பக்கம் போனால் இதே அவசரம் கேரட்டில் தெரியும். காய் விடியும்போது சந்தையில் இருக்க வேண்டும் என்பதற்காக நள்ளிரவுக்குப் பிறகே டார்ச் வெளிச்சத்தில் அறுவடை தொடங்குகிறது. பிடுங்கி, தழை அறுத்து, மூட்டை கட்டி, சரிவில் சுமந்து, கழுவும் இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்ற வேண்டும். 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் ஈர மண்ணில் குனிந்து செய்கிற வேலை. இதே பாதையில் காட்டெருமையும் கரடியும் நடமாடுகின்றன என்பதை அங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படி உழைப்பவர் நடுவேளையில் களைத்து உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார். இந்த ஒரு சொல்தான் எனக்கு மிகவும் வலிக்கிறது, ஏனென்றால் அது பொய் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 1979-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. இரத்தசோகை இருந்தவர்களில் இரும்புச்சத்து கொடுக்கப்பட்டவர்கள், வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகக் கொழுந்து பறித்தார்கள். வேலை நேரத்துக்கு வெளியேயும் அவர்கள் அதிகச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். குறைவாகப் பறித்தவருக்குக் குறைந்திருந்தது இரத்தத்தின் வலு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அப்படியென்றால் எந்தத் தோட்டத்திலும் மேஸ்திரி சத்தம் போட்டு விரட்டும் வரிசையில் பாதிப்பேர் நோயாளிகளாக இருக்கலாம்.

பரிசோதனை எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெண்களுக்கு 12 கிராமும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமும், ஆண்களுக்கு 13 கிராமும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் மாத்திரை தருவார்கள், அதுவும் இலவசம். மாத்திரை சாப்பிட்டால் வயிறு எரிகிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் நிறுத்துவோர் நிறையப் பேர். கறுப்பது இயல்புதான். எரிச்சல் இருந்தால் செவிலியரிடம் சொல்லி, எடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், நிறுத்த வேண்டாம். பருவம் தொடங்கும் முன்பே, மார்ச்சிலும் ஆகஸ்டிலும் பார்த்துவிடுவது நல்லது. இரத்தம் ஊற வாரங்கள் பிடிக்கும். உச்சப் பருவத்தின் நடுவே தெரிந்துகொண்டால் அந்தப் பருவத்துக்கு அது உதவாது.

தேயிலை பறிப்பவர்களுக்கு அந்தத் தேயிலையே ஒரு சங்கடமும் செய்கிறது. சாப்பாட்டோடோ சாப்பிட்ட கையோடோ குடிக்கும் டீ, கீரையிலும் பயறிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. குளிரில் வேலை செய்பவரிடம் டீ குடிக்காதே என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். காலையில் வெறும் டீயோடு காட்டில் இறங்குவதை மட்டும் இந்த மாதங்களில் விட்டுவிட வேண்டும். முந்தின இரவுச் சோற்றோடு ஒரு முட்டையோ கைப்பிடி வேர்க்கடலையோ சேர்ந்தால் முதல் ஏற்றம் வேறு மாதிரி இருக்கும். வடமாநிலத்திலிருந்து வந்து வால்பாறையிலும் நீலகிரியிலும் வேலை செய்கிறவர்கள், சொந்த ஊர் ரேஷன் அட்டையை வைத்தே இங்குள்ள கடையில் தானியம் வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது சாப்பாட்டைவிட அதிகம். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. ஒதுங்க இடமில்லை என்பதால் காலையிலிருந்து நாக்கை நனைக்காமலே இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் இந்தக் கொடுமை இரட்டிப்பாகிறது. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் வருகின்றன. வெட்கத்தால் யாரும் மேஸ்திரியிடம் சொல்வதில்லை, மருத்துவரிடமும் தாமதமாகத்தான் போகிறார்கள். வேலை செய்கிற இடத்துக்கு அருகில் குடிநீரும், ஆண் பெண்ணுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் அமைத்துத் தருவது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே நிர்வாகத்தின் கடமையாக எழுதப்பட்டுவிட்டது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பும், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பும், கைக்குழந்தைகளுக்குக் காப்பகமும் அதில் சேர்ந்தவை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டாலும், எட்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி, வார விடுப்பு, தோட்டங்களில் குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி ஆகியவை தொடர்கின்றன. பழைய சட்டம் போய்விட்டது, இனி ஒன்றும் கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கர்ப்பிணிகளின் நிலை தனி. கர்ப்ப காலத்தில் நாளுக்கு 350 கலோரியும், பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் 600 கலோரியும் கூடுதலாக வேண்டும். உலகத்தின் மலைகளில் பல இடங்களில் இந்தக் கூடுதல் சாப்பாடும் அதோடு வேண்டிய ஓய்வும் எளிதில் கிடைப்பதில்லை. நேபாளத்தின் சால்மே கிராமத்தில் தாமாங் இனப் பெண்களின் வேலையை நேரம் பார்த்துப் பதிவுசெய்த ஆய்வில், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் வெளி வேலையில் மற்றப் பெண்களுக்குக் குறையாமல் உழைத்தது தெரியவந்தது. அங்கே சொந்த வயல், அவர்களைக் காக்கும் நிர்வாகம் இல்லை. இங்கே நிர்வாகம் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால், தற்காலிகத் தொழிலாளியானாலும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் பாரம் சுமக்கும் வேலையும் நீண்ட நேரம் நிற்கும் வேலையும் வேண்டாம் என்று கேட்டால், அதைத் தரக் கூடாது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளில் இரண்டு இடைவேளை உண்டு.

பிரசவ விடுப்புச் சம்பளத்தைக் கணக்கிடுவதில் ஒரு தந்திரம் இருந்தது. வாரத்துக்கு ஆறு நாள்தான் வேலை, ஞாயிறுக்குக் கூலி இல்லை, ஆகவே பிரசவ விடுப்பிலும் ஞாயிறைக் கழிப்போம் என்றது ஒரு தோட்ட நிர்வாகம். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு பெண் தொழிலாளியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1977-ல் வந்த தீர்ப்பு, வாரம் என்றால் ஏழு நாளும் சேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டது. ஆனைமலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் வாங்கிக் கொடுத்த அந்த ஏழாவது நாள் இன்று இந்தியா முழுக்க எல்லாப் பெண்களுக்கும் சேர்கிறது. உங்கள் விடுப்புச் சம்பளத்தில் ஞாயிறு விடுபட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்ன சட்டப் பாதுகாப்பில் பெரும்பகுதி ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களுக்கு உரியது. நீலகிரியில் பச்சைத் தேயிலை விற்கும் சிறு விவசாயிகளின் நிலத்திலும், கேரட், உருளைக்கிழங்கு, பூண்டுத் தோட்டங்களிலும் வேலை செய்வோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். இன்று இந்த நிலம், நாளை அந்த நிலம் என்று போகிறவருக்கு நிலையான முதலாளியே இல்லை. இந்தப் பள்ளத்தை அரசு இன்னும் நிரப்பவில்லை, நிரப்ப வேண்டும். அதுவரை கையில் இருப்பவை சில. ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி பெண்ணுக்கு ஒரு கூலி கூடாது என்பது சிறு நிலத்துக்கும் பொருந்தும். கிலோ கணக்கிலோ மூட்டைக் கணக்கிலோ கூலி பேசினாலும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள் கூலிக்குக் கீழே போகக் கூடாது. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் விவசாயக் கூலித் தொழிலாளர்கள் பதிவு செய்துகொண்டால் விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைக் கேட்க வேண்டும். கர்ப்பமான பெண் பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிட்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அவருக்கு உரியவை. வேலைக்குப் போகாத நாட்களில் வீட்டு அடுப்பு எரிய அந்தப் பணம் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பருவ வேலைக்குச் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போகாதீர்கள். கொண்டை ஊசி வளைவில், மூடுபனியில், இரவெல்லாம் விழித்த ஓட்டுநரோடு போகும் அந்தப் பயணம் வேலையைவிட ஆபத்தானது. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டவிரோதம் என்பதால், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்க இடமுண்டு. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தை வேலையில் நடந்ததாகவே கருதி இழப்பீடு கோரப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வழி செய்கிறது. ஆனால் அதற்கு அன்று யாரிடம் வேலை என்று காட்ட வேண்டும்.

ஆகவே ஒரு நோட்டு வையுங்கள். தேதி, யாருடைய நிலம், கூட்டிப்போனவர் யார், எத்தனை கிலோ, எவ்வளவு கூலி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் எழுதட்டும். எடைச் சீட்டுத் தந்தால் அதே நோட்டில் ஒட்டுங்கள், கூலி கைபேசி வழியாக வந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். குன்னூரிலும் வால்பாறையிலும் தோட்டங்களைப் பார்வையிடும் தொழிலாளர் துறை ஆய்வாளரிடமோ, தொழிற்சங்கத்திடமோ, மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ போய் நிற்கும்போது அந்த நோட்டுத்தான் முதல் சாட்சி. வழக்கு என்றால் செலவாகுமே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை வைத்துத் தரும். 15100 என்ற எண்ணை அழைத்து, உங்கள் மாவட்டத்தையும் வட்டத்தையும் சொன்னால் பக்கத்தில் இருக்கும் அலுவலகத்துக்கு வழிகாட்டுவார்கள்.