மலைப்பாதையில் கைவிட்ட பிரேக்! டிஸ்க்கில் எழுதி இருந்ததை யாரும் படிக்கவில்லை!

"அப்பா, ஏதோ கருகுற வாடை வருதே!"

பின் சீட்டில் இருந்த சின்ன மகள்தான் முதலில் சொன்னாள்.

ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கும் பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். சென்னையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மனைவி, 2 மகள்கள், வயதான தாயார் ஆகியோருடன் தன் எஸ்.யூ.வி. வண்டியில் இறங்கிக் கொண்டிருந்தார். வண்டி 3-வது கியரில் போய்க் கொண்டிருந்தது. பிரேக்கில் வைத்த காலை அவர் எடுக்கவே இல்லை.

பாதி மலை இறங்கியாகி விட்டது. அடுத்த வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கியது. மறுபடி மிதித்தார். பெடல் அடியோடு போய்விட்டது. வண்டி நிற்கவில்லை!

நல்ல வேளை, ஆள் பதறவில்லை. கியரை 2-க்கு இறக்கினார். பிறகு 1-க்கு இறக்கினார. பெடலை விட்டுவிட்டு மிதித்தார். கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். மலைச்சுவர் பக்கம் ஒதுக்கி ஒருவழியாக வண்டியை நிறுத்தினார். முன்சக்கரங்களில் இருந்து புகை வந்தது. பாட்டி மட்டும், "ஏன் இங்க நிறுத்திட்டே?" என்று கேட்டாராம்.

அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருந்தது! இதுதான் பொல்லாத விஷயம். "சரியாப் போச்சு" என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறவர்கள் பலர். அண்ணாச்சி விடவில்லை. முதல் கியரிலேயே ஊர்ந்து சேலம் வந்தார். அங்கே ஒரு மெக்கானிக் பிரேக் ஆயிலை மட்டும் மாற்றிக் கொடுத்தார். மெதுவாக ஓட்டிச் சென்னை வந்து சேர்ந்தார். மறுநாள் காலை தெரிந்த ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டார். நாமும் கூடப் போயிருந்தோம்.

24-க்கு 22.5!

முன்சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, இந்த டிஸ்க்கைக் கடைஞ்சது யாரு?"

"ஆறு மாசம் முன்னால பிரேக் போட்டா ஸ்டீயரிங் ஆடுதுன்னு ஒரு இடத்துல விட்டேன் தம்பி. புதுசு வாங்கினா செலவு ஜாஸ்தி, லேத்துல டர்னிங் போட்டாப் போதும்னாங்க."

மெக்கானிக் கம்பி பிரஷ்ஷால் டிஸ்க்கின் நடுப்பகுதியைத் தேய்த்தார். துருவுக்கு அடியில் அச்சுப் பதித்த எழுத்து தெரிந்தது. 'மினிமம்' என்பதன் சுருக்கமும், பக்கத்தில் 24 என்ற எண்ணும் இருந்தன. அதாவது, இந்த டிஸ்க் தேய்ந்து தேய்ந்து 24 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும்போது அதன் கனம் 26.

மைக்ரோமீட்டர் வைத்து அளந்தார். 22.5!

கனம் குறைந்த டிஸ்க், பல வருடமாக மாற்றாத பிரேக் ஆயில், மலை இறக்கத்தில் 3-வது கியர். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கொண்டன.

அரை மில்லி, ஒரு மில்லிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். முன்பக்க டிஸ்க் என்பது ஒரே இரும்புத் தட்டு அல்ல. இரண்டு தட்டுகள். நடுவில் காற்று போய் வர இடைவெளி. 26 மில்லி என்றால் அத்தனையும் இரும்பு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த இரண்டு தட்டில் இருந்து மூன்றரை மில்லி போனால், சூட்டைத் தாங்குகிற இரும்பில் கணிசமான பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

அண்டா தண்ணீர் கொதிக்கும் சூடு

பிரேக் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது.

ஆட்களோடு 2 டன் எடையுள்ள எஸ்.யூ.வி. 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. அதை ஒரு தடவை நிறுத்தினால் உண்டாகும் சூட்டில் ஒன்றரை லிட்டர் தண்ணீருக்கு மேல் கொதித்துவிடும். பாதி வேகம் என்றால் சூடு பாதி அல்ல, கால்பங்குதான். வேகம் கூடக் கூட சூடு எப்படி ஏறுகிறது பாருங்கள்!

மலை இறக்கம் இன்னும் மோசம். 1,000 மீட்டர் உயரம் இறங்குவதை முழுக்கப் பிரேக்கிலேயே தாங்கினால், 60 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொதிக்கிற சூடு. கல்யாண வீட்டு அண்டா! அதை 4 சக்கரங்களில் உள்ள இரும்பு தாங்க வேண்டும். பெரும்பங்கு முன்சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான்.

இந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ். மிதித்தால் குமிழ்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறியதும் குமிழ் மறையும், பெடல் கெட்டியாகும். அண்ணாச்சிக்கு நடந்தது இதுதான். இந்த ஆயிலை 2 வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஸ்டீயரிங் ஏன் ஆடியது?

"டிஸ்க் கோணிப்போச்சு சார்" என்பது ஒர்க் ஷாப்களில் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. பெரும்பாலும் அது கோணுவதில்லை. ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் மெல்லியதாகவும் தேய்ந்திருக்கும். தலைமயிர் கனத்தைவிடக் குறைந்த வித்தியாசமே ஸ்டீயரிங்கை ஆட்டப் போதும்.

ஏன் அப்படித் தேய்கிறது? டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தால் தட்டு நேராக உட்காராது. பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து ஒரு பக்கமாக 'டர்ர்ர்' என்று நட்டுகளை முடுக்கினாலும் இதே கதிதான். நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில் வைக்க வேண்டும். காலிபர் பின்கள் இறுகிப் போனாலும் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும். கடற்காற்றும் மழைத் தண்ணீரும் உள்ள சென்னையில் இது சகஜம்.

இன்னொன்று. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து சடாரென்று நிறுத்திவிட்டு, சூடான டிஸ்க்கைப் பெடலால் அழுத்திப் பிடித்துக் கொண்டே நிற்பது. டோல்கேட்டில் இதை நிறையப் பார்க்கலாம். பேடில் உள்ள பொருள் அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சி வண்டியில் ஹப்பைத் துடைத்துப் பார்த்தோம். பொருக்குப் பொருக்காகத் துரு! அதைச் சுத்தம் செய்யாமல் டிஸ்க்கை மட்டும் கடைந்தால் ஆட்டம் திரும்பி வராமல் என்ன செய்யும்?

கடைவதா, மாற்றுவதா?

லேத்தில் கடைவதே தப்பு என்று சொல்ல மாட்டோம். கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே கனம் மிச்சம் இருந்தால் தாராளமாகக் கடையலாம். அதற்குத்தான் முதலில் அளக்கச் சொல்ல வேண்டும். ஓரத்தில் தேயாத விளிம்பு நிற்பதால் சாதாரண வெர்னியர் அதன்மேல் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும். மைக்ரோமீட்டர்தான் சரி. டிஸ்க்கைச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். அளக்காமலே "மாத்திடலாம்" என்பவரையும் நம்பாதீர்கள், அளக்காமலே "கடைஞ்சிடலாம்" என்பவரையும் நம்பாதீர்கள்!

கனம் இருந்தும் டிஸ்க்கில் வெடிப்பு ஓரம் வரை ஓடியிருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான்.

மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம். பேடும் புதிதாகப் போட வேண்டும். பழைய பேடில் பழைய டிஸ்க்கின் பள்ளம் மேடு அப்படியே இருக்கும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி இருப்பார்கள். அதைத் துடைக்காமல் மாட்டுகிற புண்ணியவான்களும் உண்டு!

மாட்டிய பிறகு காலியான சாலையில் நடுத்தர வேகத்தில் போய், நிறுத்தாமல் மெதுவாக வேகத்தைக் குறைத்து, பிறகு ஆறவிட்டு, இப்படிப் பல தடவை பழக்க வேண்டும். முதல் 200, 300 கிலோ மீட்டர் வரை அவசரம் இல்லாமல் சடன் பிரேக் கூடாது. அண்ணாச்சி இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடையைத் தாமதமாகத் திறந்தார்.

ஒரு விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். மழையில் நின்ற வண்டியின் டிஸ்க் காலையில் செம்பழுப்பாக இருக்கும். நாலு தடவை பிரேக் போட்டால் போய்விடும். அதைக் காட்டி யாராவது புது டிஸ்க் விற்கப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்துவிடுங்கள்.

ஆனால் 'கிறீச்' என்று விடாமல் சத்தம் வந்தால் நாள் கடத்தாதீர்கள். பேடு தேய்ந்து முடியப் போகிறது என்று சொல்வதற்கென்றே பல பேடுகளில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அது உரசுகிற சத்தமாக இருக்கலாம். பேடு 3 மில்லிக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. அதைச் சிக்கனம் பார்த்தால் பேடின் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும். சின்னச் செலவு பெரிய செலவு ஆகிவிடும்.

பழைய டிஸ்க் எங்கே?

வேலை முடிந்து பில் வந்தது. அண்ணாச்சி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "பழசு ரெண்டையும் கொடு தம்பி" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? காயலான் கடைக்குத்தானே போகப் போகுது?"

"நானே போட்டுக்கறேன். அதுக்கு முன்னால குறுக்க அறுத்துக் கொடு. துடைச்சு எண்ணெய் தடவி எவனாவது இன்னொருத்தன் வண்டியில மாட்டிடப் போறான்."

மெக்கானிக் சிரித்தார். கிரைண்டரை எடுத்தார். இரண்டு டிஸ்க்குகளும் நாலு துண்டாகிச் சாக்கில் விழுந்தன.