இளஞ்சிவப்புத் தாளில் ஒரு முதல் பக்கம்

மந்திரிசபை கவிழ்ந்தது, கப்பல் மூழ்கியது என்பன போன்ற செய்திகளை மறுநாட் காலைப் பத்திரிகையைப் பிரித்த பிறகே ஜனங்கள் அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. ஆனால் ஒரு பெரிய பந்தயத்தின் முடிவையோ, வானொலி வீட்டுக்குள் வந்த நாள் முதலாகவே, ரசிகன் அன்றிரவே அறிந்துகொண்டுதான் உறங்கப் போகிறான். வென்றவர் யார், தோற்றவர் யார், எந்த நிமிஷத்தில் எவர் கோல் போட்டார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், விடிந்ததும் தெருமுனைக்குப் போய்க் காசு கொடுத்துப் பத்திரிகையை வாங்குகிறானே, அது எதற்காக? தான் கண்டதும் கேட்டதும் மெய்தான் என்பதற்கு, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளத்தக்க ஓர் அத்தாட்சியை அவன் நாடுகிறான் என்பதே என் அபிப்பிராயம். அந்த அத்தாட்சியை ஓர் இரவுக்குள் உருவாக்கித் தரும் பொறுப்பு விளையாட்டுப் பத்திரிகையின் முதல் பக்கத்தை அமைப்பவருடையது. சென்ற வாரம் தலையங்கப் பக்கத்தின் நிதானத்தைப் பார்த்தோம். இந்த வாரம், இக்கலை செழித்து வளர்ந்த மிலான், பாரிஸ் ஆகிய இரு நகரங்களை முன்னிட்டு, அதற்கு நேர்மாறான இந்தப் பக்கத்தை ஆராய்வோம்.

ஏதென்ஸில் முதலாவது நவீன ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னதாக, 1896 ஏப்ரல் 3ஆம் தேதி, சைக்கிள் பந்தயங்களில் ஈடுபாடு கொண்ட இரு பத்திரிகைகள் ஒன்றாக இணைந்து, மிலான் நகரில் ‘லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்’ என்ற பெயருடன் புதிய பத்திரிகையாக வெளிவந்தன. தொடக்கத்தில் பச்சைத் தாளில் அச்சான அது, 1899 ஜனவரியில் இளஞ்சிவப்புத் தாளுக்கு மாறியது. அதன் பின் அந்த நிறமே அதற்கு அடையாளமாயிற்று. பக்க அமைப்பு என்றதும் நாம் எழுத்தையும் படத்தையும் மட்டுமே நினைக்கிறோம்; ஆனால் அவையிரண்டும் வந்து அமர்வதற்கு முன்பே, தாளின் வர்ணத்தை நிச்சயித்த கணத்திலேயே, அந்தப் பக்கத்தின் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கடையில் வெண்தாள்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்க, நடுவே இளஞ்சிவப்பாக ஒன்று தென்பட்டால், பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கை அதை நோக்கி நீள்கிறது. இந்தப் பத்திரிகையே 1909இல் தொடங்கிய ‘ஜிரோ டி இத்தாலியா’ சைக்கிள் பந்தயத்தில், முன்னணியில் இருப்பவருக்கு உரிய சட்டையாக 1931இல் இளஞ்சிவப்புச் சட்டை ஏற்பட்டது. அதை முதன்முதலில் அணிந்தவர் லியார்கோ குவெர்ரா. ஒரு தாளின் நிறம் மனிதர் முதுகில் ஏறி மலைப்பாதைகளைக் கடக்கத் தொடங்கியது இவ்விதந்தான்.

பாரிஸின் சரித்திரம் இதனினும் விசித்திரமானது. அங்கே ‘லெ வேலோ’ என்னும் பத்திரிகை பச்சைத் தாளில் வந்துகொண்டிருந்தது. அதற்குப் போட்டியாக 1900இல் தோன்றி, ஆன்ரி தெகிராஞ்ஜ் ஆசிரியராக இருந்த ‘லோட்டோ’, மஞ்சள் தாளைத் தேர்ந்துகொண்டது. விற்பனையில் அப்பச்சையை வெல்லும் பொருட்டே 1903இல் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயம் ஏற்படுத்தப்பட்டது. 1919இல் முன்னணி வீரருக்கு மஞ்சள் சட்டை வந்து சேர்ந்தது. ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்திலும் ‘லோட்டோ’ தொடர்ந்து வெளிவந்தது என்பதால், நாடு விடுதலை பெற்ற 1944இல் அது மூடப்பட்டது. 1946இல் ழாக் கோதே ‘லெகிப்’ பத்திரிகையைத் தொடங்க அனுமதி கேட்டபோது, அரசாங்கம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, புதிய பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சாகக் கூடாது, வெண்தாளில்தான் அச்சாக வேண்டும் என்பது! பழைய பத்திரிகையின் கொள்கையையும் பெயரையும் தடுத்தால் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை; அந்த மஞ்சளைக் கண்டால் ஜனங்களுக்குப் பழைய ஞாபகம் திரும்பிவிடும் என்பதை அதிகாரிகளே உணர்ந்திருந்தார்கள் என்றால், வர்ணத்தின் சக்திக்கு வேறு சாட்சி எதற்கு?

நிறமுள்ள தாளில் வேலை செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. பத்திரிகை அச்சில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது; படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் மை படாமல் விடப்பட்ட தாளேயன்றி வேறில்லை. ஆகையால் இளஞ்சிவப்புத் தாளில் பனியும் இளஞ்சிவப்பு, மைதானத்துக் கோடும் இளஞ்சிவப்பு, யுவென்டஸ் கால்பந்துச் சங்க வீரரின் கறுப்பு வெள்ளைச் சட்டையில் உள்ள வெள்ளைப் பட்டைகளும் இளஞ்சிவப்பு. (அந்தச் சங்கம் 1903 வரை இளஞ்சிவப்புச் சட்டையே அணிந்திருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) இருளுக்கும் ஒளிக்கும் உள்ள தூரம் இவ்வாறு குறுகிவிடுவதால், மென்மையான நிழல்களை நம்பிய படம் அந்தத் தாளில் சோர்ந்து போகும். முகம் தெளிவாகத் தெரிகிற, பின்னணி அடர்ந்திருக்கிற படத்தையும், கனத்த கறுப்பு எழுத்துக்களையுமே அது தாங்கும். கண்ணைப் பறிக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமன்றி, தாளின் இந்த நிர்ப்பந்தமும் சேர்ந்துதான் அந்தப் பக்கத்துக்கு அதன் கம்பீரத்தைத் தந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தைத் தேர்வதில் அனுபவஸ்தர்கள் கடைப்பிடிக்கும் சில வழக்கங்கள் உண்டு. ஓடுகிற வீரர் பக்கத்தின் உட்புறம் நோக்கி ஓட வேண்டும். வெளிப்புறம் நோக்கி ஓடினால் வாசகனின் கண்ணும் அவரோடு பக்கத்தை விட்டு வெளியேறிவிடும். அகன்ற பத்திரிகை கடையில் இரண்டாக மடிந்து கிடக்கும் ஆதலால், பெயரும் தலைப்பும் படத்தின் உயிரான பாகமும் மடிப்புக்கு மேலே அமைய வேண்டும். கோப்பையை உயர்த்தும் கை மேலேயும், ஊன்றிய கால் கீழேயும் வரலாம். முகத்தின் மீது மட்டும் மடிப்பு விழலாகாது.

இவையெல்லாம் அவகாசம் இருக்கும்போது சாத்தியம். விளையாட்டுப் பக்கத்துக்கோ அவகாசம் என்பதே இல்லை. ஆட்டம் முடியும் வேளையும் அச்சுக்கூடத்துக்குப் பக்கம் போய்ச் சேர வேண்டிய வேளையும் நெருங்கி வருகையில், வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என இரு பக்கங்களைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒன்றைக் கடைசி நிமிஷத்தில் கிழித்தெறிவதே வழக்கம். 2005 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில், இடைவேளையின்போது மிலான் அணி மூன்று கோல் முன்னிலையில் இருந்து, பின்னர் லிவர்பூலிடம் பெனால்டி உதைகளில் கோப்பையைப் பறிகொடுத்ததே, அத்தகைய இரவில் வெற்றிப் பக்கத்தை மட்டும் நம்பியவர் பாடு என்னவாகும் என்பதை ஊகிக்கலாம்.

முடிவுக்குக் காத்திராத பக்கத்துக்குப் பிரசித்தமான திருஷ்டாந்தம் ரியோ டி ஜெனிரோவில் இருக்கிறது. 1950 ஜூலை 16ஆம் தேதி, மரக்கானா மைதானத்தில், ஆட்டம் சமமாக முடிந்தாலே பிரேஸிலுக்கு உலகக் கோப்பை என்ற நிலையில், ‘ஓ முண்டோ’ பத்திரிகை ஆட்டத்துக்கு முன்பே பிரேஸில் வீரர்களின் படத்தைப் போட்டு, இவர்களே உலக சாம்பியன்கள் என்று அச்சிட்டுவிட்டது. உருகுவே தலைவர் ஒப்துலியோ வரேலா அந்தப் பிரதிகளை வாங்கிக் குளியலறையில் பரப்பி, அவற்றின் மீது சிறுநீர் கழிக்கும்படி தம் சகாக்களைத் தூண்டினார் என்பது உருகுவேயில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் விருத்தாந்தம். அன்று உருகுவே இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. படமும் தலைப்பும் எவ்வளவு லட்சணமாக அமைந்திருந்தாலும், நடவாததற்கு அத்தாட்சி அளித்த பக்கம் அது; அமைத்தவரின் கைத்திறனை யாரும் இன்று பேசுவதில்லை.

காத்திருந்து அமைத்த பக்கங்களுக்கு வருவோம். 1998 ஜூலை 12 இரவு, பாரிஸை அடுத்த சாந்தெனியில், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், பிரான்ஸ் பிரேஸிலை மூன்று கோல் கணக்கில் வென்றது. அவற்றில் இரண்டு பிரான்ஸ் வீரர் ஜிடேன் தலையால் முட்டியவை. மறுநாள் ‘லெகிப்’பின் முதல் பக்கத் தலைப்பு ‘நித்திய காலத்துக்கும்’ என்ற பொருளுள்ள இரண்டே சொற்கள். பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றன. அந்த அணியின் பயிற்சியாளர் எமே ஜாக்கேயை மாதக் கணக்கில் கடுமையாகக் கண்டித்து வந்தது இதே பத்திரிகைதான். வென்ற பிறகும் தாம் அதை மன்னிக்கப் போவதில்லை என்று ஜாக்கே பகிரங்கமாகச் சொன்னார். அத்தனை மனஸ்தாபத்தையும் ஒதுக்கிவிட்டு, கணக்கையும் காரணத்தையும் உட்பக்கங்களுக்கு அனுப்பிவிட்டு, அவ்விரண்டு சொற்களோடு நிறுத்திக்கொண்ட தைரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

2006 ஜூலை 9 இரவு பெர்லினில், பிரான்ஸுக்கு எதிராக நடந்த, ஜிடேன் வெளியேற்றப்பட்ட உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரமும் முடிந்து, ஃபாபியோ குரோஸ்ஸோவின் கடைசிப் பெனால்டி உதையில் இத்தாலி வென்றது. எல்லாம் உண்மைதான், உலக சாம்பியன்கள் என்று மறுநாள் ‘கஸெட்டா’ அறிவித்தது. அந்த வருஷம் மே மாதம் முதலாக நடுவர்களை வசப்படுத்திய ஊழலே இத்தாலியப் பத்திரிகைகளை நிறைத்திருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் தவித்த ஒரு ஜனசமூகத்தை நோக்கி, அதே இளஞ்சிவப்புத் தாள், இதையாவது நம்பலாம் என்று உறுதி கூறியது. இருபத்துமூன்று லட்சம் பிரதிகள் போயின. அப்பத்திரிகையின் சரித்திரத்திலேயே அதுதான் உச்சம்.

2008இல் ‘கஸெட்டா’ அகன்ற வடிவத்தை விட்டுச் சிறிய வடிவத்துக்கு வந்தது. 2015இல் ‘லெகிப்’பும் வந்தது. ரயிலில் நின்றபடி படிப்பவருக்கு இது சௌகரியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் மடிப்பு என்ற தடை நீங்கியதும், மடிப்புக்கு மேல் எது, கீழ் எது என்று இரவில் நடந்த அந்த விசாரமும் உடன் நீங்கிவிட்டது. சின்னப் பக்கத்தில் பெரிய படத்தை வைப்பதற்கு முன்போல் அத்தனை விவேகம் வேண்டியதில்லை. அந்த அகன்ற பக்கங்களில் ஏறிய கனத்த தலைப்பு எழுத்துக்களை ஒரு காலத்தில் மரத்தில் செதுக்கி வைத்திருந்தார்கள். அவற்றைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.