சாய்ந்துகொண்டே ஓட்டும் சைக்கிள்! சுகமான மெத்தை ஆசனத்தை நீங்களே செய்யலாம்

சைக்கிள் ஓட்டத் தெரியாதவர்கள் நம் ஊர்களில் மிகவும் குறைவு. ஆனால், சாய்ந்து படுத்தபடி சைக்கிள் ஓட்டுகிறவரை நீங்கள் பார்த்தது உண்டா?

"படுத்துக்கொண்டு சைக்கிளா? அது எப்படி?" என்று கேட்பீர்கள்.

அப்படி ஒரு சைக்கிள் இருக்கிறது. அதில் தாவி ஏற வேண்டியது இல்லை. சாய்வு நாற்காலியில் சாய்வது போலச் சாய்ந்துகொள்ள வேண்டும். கால்கள் முன்பக்கம் நீண்டிருக்கும். பெடலும் முன்பக்கம்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை தாங்கி நிற்கும். கழுத்து வலி இல்லை. மணிக்கட்டு வலி இல்லை.

பழைய சைக்கிள்கள் இரண்டு, கொஞ்சம் இரும்புக் குழாய், வெல்டிங் தெரிந்த ஒரு பட்டறைக்காரர். இவை இருந்தால் இந்தச் சைக்கிளை உள்ளூரிலேயே செய்துவிடலாம். உலகத்தின் பல நாடுகளில் இதை வீட்டிலேயே செய்கிறார்கள்.

ஆனால், செய்து முடித்தவர்களில் பலர் சில நாட்களிலேயே அதை மூலையில் சாத்திவிடுவது உண்டு. ஏன் தெரியுமா? சக்கரம் சரியில்லாததால் அல்ல. ஆசனம் சரியில்லாததால்தான்!

தறியில் ஒரு பாடம்

உட்காரும் இடத்தின் அருமை யாருக்குத் தெரியும்? ஆரணி, செய்யாறு பக்கத்து நெசவாளியைக் கேளுங்கள். அவர் சொல்வார்.

காஞ்சிபுரத்துக்குத் தென்மேற்கே, ஆரணிக்குக் கிழக்கே இருக்கிறது செய்யாறு. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பட்டு. அதன் பளபளப்பு எல்லோருக்கும் தெரியும். அதை நெய்கிறவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

குழித்தறியில் நெசவாளி குழியின் ஓரத்தில் உட்காருகிறார். கால்கள் இரண்டும் குழிக்குள் இறங்கியிருக்கும். மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். உட்கார்ந்த இடத்தில் இருந்தே கால்களுக்கு ஓயாத வேலை. சைக்கிள் மிதிப்பது போலத்தான்!

அவருக்கு ஆசனம் ஒரு பலகை. அதன்மேல் மடித்த சாக்கோ, பழைய சேலையோ இருக்கும். முதுகைச் சாய்க்க ஒன்றும் கிடையாது. காலையில் உட்கார்ந்தவர் மாலையில் எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

மடித்த சேலையை ஒரு விரற்கடை நகர்த்திப் போட்டாலே வலியில் வித்தியாசம் தெரியும் என்பது அவரது அனுபவம். சாய்வு சைக்கிளின் ரகசியமும் அதுதான்.

தோற்கடித்தது, அதனால் தடை!

இந்தச் சைக்கிளின் கதை சுவையானது.

பிரான்ஸ் நாட்டில் ஷார்ல் மோஷே என்ற ஒருவர் இருந்தார். தன் சிறு மகன் ஓட்டுவதற்காக மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். உட்கார்ந்து சாய்ந்தபடி அதை மிதிக்கலாம். பையன் அதில் பறந்தான். அதைப் பார்த்துப் பெரியவர்களும் அப்படி வண்டி கேட்டார்கள்.

பிறகு மோஷே ஒரு யோசனை செய்தார். அந்த வண்டியைப் பாதியாக்கி இரண்டு சக்கரம் மட்டும் வைத்தால் என்ன? அப்படிப் பிறந்ததுதான் அவருடைய சாய்வு சைக்கிள்.

1933-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி. பாரிஸ் நகரத்துப் பந்தயத் திடல். மோஷேயின் சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்துகொண்டார். அவர் முன்னணி வீரர் அல்ல, இரண்டாந்தர வீரர்தான். ஒரு மணி நேரத்தில் 45 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிவிட்டார்! 1914-ல் ஆஸ்கர் எக் என்ற வீரர் செய்த சாதனை, 19 ஆண்டுகளாக யாராலும் முறியடிக்க முடியாமல் இருந்தது. அது அன்று முறிந்தது.

சாய்ந்திருப்பவர் மீது காற்று குறைவாக மோதுகிறது. வேகத்துக்குக் காரணம் அதுதான்.

முடிவு என்ன? உலக சைக்கிள் சங்கம் கூடியது. "பந்தய சைக்கிள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று 1934-ல் புது விதி போட்டது. அந்த விதிக்குள் சாய்வு சைக்கிள் அடங்கவில்லை. பந்தயத்தில் இருந்து அதை விலக்கிவிட்டார்கள்.

விலக்கினாலும் அது சாகவில்லை. 2016-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், கூண்டு மூடிய ஒரு சாய்வு சைக்கிள் மணிக்கு 144 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டது. எஞ்சின் கிடையாது. மனிதனின் கால்தான்!

இரண்டு எலும்புகள்

நமக்கு 144 கிலோ மீட்டர் வேகம் வேண்டாம். வலி இல்லாமல் சந்தைக்குப் போய்வந்தால் போதும். அதற்கு ஆசனத்தைக் கவனிக்க வேண்டும்.

நாம் உட்காரும்போது உடம்பின் எடை எங்கே இறங்குகிறது? பிட்டத்தின் அடியில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டைப் பலகையில் சிறிது நேரம் உட்கார்ந்தால் அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். சாதாரண சைக்கிளில் எடையில் பெரும்பங்கு இந்த இரண்டு எலும்புகள் மீதுதான் விழுகிறது. மிச்சத்தைக் கைகளும் கால்களும் தாங்குகின்றன.

சாய்வு சைக்கிளில் முதுகும் எடையைத் தாங்குகிறது. பாரம் பரவிவிடுகிறது. அதனால்தான் சுகம்.

ஆனால், இங்கே எழுந்து நின்று மிதிக்க முடியாது. மேடு வந்தாலும், பள்ளம் வந்தாலும் ஆசனத்திலேயே இருக்க வேண்டும். குலுக்கல் முழுவதும் உடம்புக்குத்தான். ஆகவே மெத்தை நன்றாக இருக்க வேண்டும்.

"அப்படியானால் கனமான மெத்தையாகப் போட்டுவிடலாமே!" என்று தோன்றும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காலால் பெடலைத் தள்ளும்போது முதுகு பின்னால் அழுந்துகிறது. மெத்தை மிகவும் மெதுவாக இருந்தால் காலின் பலம் மெத்தையை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. உடம்பும் இப்படியும் அப்படியும் ஆடும்.

கட்டையாகவும் இருக்கக் கூடாது. பஞ்சணையாகவும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அளவு எடுப்பது எப்படி?

ஆளுக்கு ஆள் உடம்பு மாறும். சட்டைக்கு அளவெடுப்பது போல ஆசனத்துக்கும் அளவெடுக்க வேண்டும்.

வீட்டு வேலைக்குக் கொட்டிய மணல் இருந்தால் போதும். அதில் தண்ணீர் தெளித்து, சாய்வாகக் குவித்துக்கொள்ளுங்கள். அதில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களைப் பெடல் மிதிப்பது போல நீட்டுங்கள். மெல்ல எழுந்து பாருங்கள். உங்கள் இடுப்பு வளைவும் முதுகு வளைவும் அப்படியே பதிந்திருக்கும். அந்த வளைவை ஓர் அட்டையில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் பலகை முன்பின்னாக 10 முதல் 12 அங்குலம் இருந்தால் போதும். அதற்குமேல் நீண்டால் தொடையை அழுத்தும், கால் மரத்துப்போகும். அகலம் 12 முதல் 14 அங்குலம். முதுகுப் பலகை கழுத்துக்குக் கீழே நின்றுவிட வேண்டும். தோள் பக்கம் குறுகலாக இருந்தால் கைகளுக்குத் தடை இருக்காது.

முதுகுப் பலகை எவ்வளவு சாய வேண்டும்? புதிதாக ஓட்டுகிறவருக்குத் தரையில் இருந்து 45 முதல் 55 டிகிரி நல்லது. மிகவும் சாய்த்தால் பாதை தெரியாது, வானம்தான் தெரியும்! உட்காரும் பலகையின் முன்முனை கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே வரும். முன் விளிம்பை உருட்டையாகச் சீவிவிட வேண்டும்.

கட்டில் நாடா கைகொடுக்கும்

ஆசனத்தை இரண்டு விதமாகச் செய்யலாம்.

ஒன்று, பிளைவுட் ஆசனம். வெட்டிய இரண்டு பலகைகளையும் இரும்புப் பட்டையால் இணைத்து, நட்டு போல்ட்டுப் போட்டு முறுக்க வேண்டும். மழைத் தண்ணீர் வடிய நாலைந்து துளைகள் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நம் வீட்டு நாடாக் கட்டிலைப் போன்றது. இரும்புக் குழாயை வளைத்துச் சட்டம் செய்துகொண்டு, அதில் கட்டில் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிவிடுவது. நெசவு ஊர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? பாவும் ஊடும் போலத்தான்! இதில் காற்றோட்டம் உண்டு. முதுகு வேர்க்காது. குலுக்கலை நாடாவே வாங்கிக்கொள்ளும். ஆனால், நாளடைவில் நாடா தொய்ந்துவிடும். ஆகவே ஒரு பக்கம் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தொய்ந்தால் மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

மெத்தைக்கு எது நல்லது?

இலவம்பஞ்சு லேசானது, எளிதில் தண்ணீரைக் குடிக்காது. ஆனால், சில வாரங்களில் அமுங்கிக் கட்டி கட்டியாகிவிடும். தலையணைக்குச் சரி, சைக்கிளுக்குச் சரியில்லை.

சாதாரண ஸ்பாஞ்ச் மெத்தென்று இருக்கும். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துவிடும். காயவும் நேரமாகும்.

ரப்பர் பூசிய தென்னை நார் காற்றை விடும். அமுங்கினாலும் மீண்டும் எழும்பும். முதுகுக்கு இது நல்லது.

செருப்பின் அடியில் வருகிறதே, அது போன்ற கெட்டி ஃபோம் தண்ணீரைக் குடிக்காது. எளிதில் அமுங்காது. ஆனால், காற்றை விடாது.

ஆகவே இரண்டு அடுக்காகப் போடுவதே சிறந்த வழி. அடியில் ஓர் அங்குலம் கெட்டி ஃபோம். அதன்மேல் ஓர் அங்குலம் மெத்தென்ற ஸ்பாஞ்ச். முதுகுக்கு ஓர் அடுக்கு தென்னை நார். முதுகெலும்பு படும் இடத்தில் மேலிருந்து கீழாக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் விட்டுவிடுங்கள். எலும்பு உரசாது, காற்றும் போகும். இடுப்பு வளைவுக்குத் துணியைச் சுருட்டி ஒரு சின்னத் திண்டு வைத்தால் முதுகுக்குத் தாங்கல் கிடைக்கும்.

மேல் உறைக்கு ரெக்சின் பார்க்க அழகாக இருக்கும். ஆனால், வெயிலில் சுடும், வேர்வையில் ஒட்டும். கான்வாஸ் துணி நல்லது. டெய்லரிடம் கொடுத்து, கழற்றித் துவைக்கும்படி நாடா வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பிட்டம் படும் இடத்தில் தையல் வரக் கூடாது. இது முக்கியம்.

கையால் ஒரு சோதனை

ஆசனம் தயார். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சாய்ந்து உட்காருங்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் செலுத்துங்கள். எலும்பு தட்டுப்படும். அந்த இடத்தில் கையை அமுக்கிப் பாருங்கள். கை உடனே பலகையில் இடித்தால் மெத்தை போதாது. இன்னும் ஒரு விரல் கனமாவது அமுங்க இடம் இருந்தால் மெத்தை சரி.

பிறகு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கால் மரத்தால் முன்முனையைத் தாழ்த்துங்கள். சறுக்கினால் உயர்த்துங்கள். ஒரே நாளில் முடிகிற வேலை அல்ல. நாலைந்து முறை மாற்றினால்தான் உடம்புக்குப் பொருந்தும்.

சாலையில் போகும்போது ஓர் எச்சரிக்கை. இந்தச் சைக்கிள் தாழ்வானது. லாரிக்காரர் கண்ணில் படாமல் போகலாம். ஆள் உயரத்துக்கு ஒரு கம்பி நட்டு, அதில் சிவப்புக் கொடி கட்டுங்கள். முதலில் வண்டி நடமாட்டம் இல்லாத இடத்தில் பழகுங்கள்.

வலி ஒரு வரம்

மெத்தை ஆசனம் சுகத்துக்கு மட்டும்தானா? இல்லை. சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆரணிக்கு அருகில் உள்ள வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் ஒரு சாலை விபத்து. முதுகெலும்பு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டன.

அவர் முடங்கிவிடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவரைப் போன்றவர்களுக்கு ஆசனத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. நமக்கு உட்கார்ந்த இடத்தில் அழுத்தினால் வலிக்கிறது. நம்மை அறியாமலே நெளிந்து, நகர்ந்து உட்காருகிறோம். அழுந்திய இடத்தில் மறுபடி ரத்தம் ஓடுகிறது. உணர்ச்சி இல்லாதவருக்கு வலி தெரியாது. நகர மாட்டார். ரத்தம் ஓடாத இடம் புண்ணாகிவிடும். அந்தப் புண் எலும்பு வரை போகும். உயிருக்கே உலை வைக்கும்.

ஆகவே கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியிலும், சக்கர நாற்காலியிலும் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இரவில் படுக்கும்முன் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் மறையாமல் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர்களுக்கு வீட்டில் செய்த மெத்தை போதாது. டாக்டரைக் கேட்டுத்தான் மெத்தை வாங்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றே அவர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். கையை விட்டு அந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

தறியில் உட்காருகிற தாத்தாவின் பலகையையும் ஒரு முறை பாருங்கள். சைக்கிளுக்கு வாங்கிய ஃபோமில் ஒரு துண்டு மிஞ்சும் அல்லவா? அது அவருக்கு!