குடிபானம் கட்டியான கதை

சாக்லேட் என்றதும் நாம் கடித்துத் தின்னும் கட்டியைத்தான் நினைக்கிறோம். ஆனால் மனிதன் சாக்லேட்டைக் கட்டியாகத் தின்னத் தொடங்கி இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. அதற்கு முன் அது பெரும்பாலும் பானமாகவே இருந்தது. அதுவும் கசப்பான பானம்! அந்தப் பானம் எப்படிக் கட்டியாயிற்று? அதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இவற்றுக்கான விடை கோகோ விதையில் உள்ள கொழுப்பில் அடங்கியிருக்கிறது.

மரமும் விதையும்

கோகோ மரம் வெப்பமும் மழையும் மிக்க நாடுகளில், பெரிய மரங்களின் நிழலில் வளர்வது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ல் இதற்குத் 'தியோபுரோமா ககாவோ' என்று பெயரிட்டார். 'தியோபுரோமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் 'தெய்வங்களின் உணவு' என்பது பொருள். நம் பலாவைப் போலவே இதுவும் அடிமரத்திலேயே காய்க்கும். காயைப் பிளந்தால் 30 அல்லது 40 விதைகள், இனிப்பும் புளிப்பும் கலந்த வெண்மையான சதையில் பொதிந்திருப்பதைக் காணலாம்.

பச்சை விதையில் சாக்லேட் மணம் சிறிதும் இராது. விதைகளைச் சதையோடு குவித்து, இலைகளால் மூடி, ஐந்தாறு நாட்கள் நொதிக்க விடவேண்டும். முதலில் ஈஸ்ட்டுகள் சதையிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. பிறகு பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. குவியலின் வெப்பநிலை 45 பாகை செல்சியசுக்கு மேல் ஏறுகிறது. இதனால் விதையின் முளைக்கரு இறந்துவிடுகிறது. விதைக்குள் இருக்கும் நொதிகள் புரதங்களைச் சிதைக்கின்றன. அவ்வாறு சிதைந்த பொருள்களே, விதையை உலர்த்தி வறுக்கும்போது நாம் அறிந்த மணத்தைத் தருகின்றன.

விதையே காசு

தென் அமெரிக்காவில், இன்றைய எக்வடோர் நாட்டில், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் கோகோவைப் பயன்படுத்தினர். அங்குக் கிடைத்த பழைய கலங்களில் ஒட்டியிருந்த எச்சங்களைச் சோதித்த அறிவியலார் இதனை 2018-ல் வெளியிட்டனர். கோகோவில் மிகுதியாக உள்ள 'தியோபுரோமின்' என்னும் வேதிப்பொருள் அவர்களுக்குச் சான்றாக உதவியது. மத்திய அமெரிக்காவில் வாழ்ந்த மாயா மக்களும் கோகோப் பானம் அருந்தினர். குவாட்டமாலாவில் 1984-ல் கிடைத்த மாயாக் கலம் ஒன்றின் மேல் 'ககாவ்' என்றே எழுதியிருந்தது!

பின்னர் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்கள், வறுத்த விதையைக் கல்லில் அரைத்து, நீரும் மிளகாயும் சேர்த்தனர். அதை ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றினர். நாம் காப்பியை ஆற்றுவது போலத்தான். மேலே திரளும் நுரையே பானத்தின் சிறப்பாகக் கருதப்பட்டது.

அவர்களுக்குக் கோகோ விதை நாணயமாகவும் விளங்கியது. மெக்சிகோவின் திலஸ்கலா நகரில் 1545-ல் எழுதப்பட்ட விலைப் பட்டியலின்படி, பெரிய தக்காளி ஒன்று ஒரு விதை; நல்ல பெட்டை வான்கோழி 100 விதை. நாணயம் என்றால் கள்ள நாணயமும் உண்டல்லவா? விதையின் தோலுக்குள் மண்ணை அடைத்து ஏமாற்றியவர்களும் இருந்தனர்!

அஸ்டெக் தலைநகரம் குளிர்ந்த மேட்டு நிலத்தில் இருந்தது. அங்குக் கோகோ விளையாது. தாழ்நிலத்து மக்கள் விளைவித்துக் கப்பமாகச் செலுத்தினர். பிரபுக்களும் போர்வீரர்களும் குடித்தனர்.

கொழுப்பைப் பிரித்த இயந்திரம்

ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிகோவில் கால் வைத்தனர். கோகோ அவர்களுடன் ஐரோப்பாவுக்குச் சென்றது. மிளகாய் போய்ச் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் சேர்ந்தன. லண்டனில் 1657-ல் சாக்லேட் கடை திறக்கப்பட்டது. ஆயினும் அப்போதும் அது பானமே.

கோகோ விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கொழுப்பும் நீரும் கலவா. ஆகவே பானத்தின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. 1828-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹௌட்டன் குடும்பத்தார், அழுத்து இயந்திரத்தால் கொழுப்பில் பெரும் பங்கைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் நீரில் எளிதாகக் கலக்கும் கோகோத் தூள் கிடைத்தது.

பிழிந்த கொழுப்பை என்ன செய்வது? இதற்கு விடை கண்டது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த ஃபிரை நிறுவனம். அரைத்த கோகோவுடன் சர்க்கரையும் கூடுதல் கோகோ வெண்ணெயும் கலந்து அச்சில் வார்த்து, 1847-ல் தின்னும் கட்டியை உருவாக்கியது. பானத்துக்கு இடையூறாக இருந்த கொழுப்பே கட்டிக்கு உயிராயிற்று! பின்னர் சுவிட்சர்லாந்தில் டேனியல் பீட்டர் 1875-ல் பால் சாக்லேட்டைச் செய்தார். அதே நாட்டின் ருடால்ஃப் லிண்ட், சாக்லேட் கலவையை நெடுநேரம் உருட்டிக் கடைந்து மென்மையாக்கும் இயந்திரத்தை 1879-ல் அமைத்தார்.

வாயில் உருகுவது ஏன்?

கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு வகைப் படிகங்களாக அமையக்கூடும். ஐந்தாம் வகை சுமார் 34 பாகையில் உருகும். நம் உடல் வெப்பம் 37 பாகை. ஆகவே அது கையில் கட்டியாக நின்று, நாவில் கரைகிறது. முதல் நான்கு வகைகள் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். எனவே தொழிற்சாலையில் உருகிய சாக்லேட்டைச் சுமார் 28 பாகைக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 பாகை அளவுக்குச் சூடேற்றுவர். அப்போது வேண்டாத படிகங்கள் உருகிப் போக, ஐந்தாம் வகை மட்டும் நிற்கும்.

வெயிலில் உருகிய சாக்லேட்டை மீண்டும் உறைய வைத்துப் பாருங்கள். பளபளப்பு போய்விடும், சில நாட்களில் வெண்ணிறத் திட்டுக்களும் தோன்றலாம். அது பூஞ்சணம் அன்று. கொழுப்பு வேறு வகைப் படிகமாகி மேற்பரப்புக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

விளைவிப்பவர் யார்?

இந்த மரம் இன்று மிகுதியாக விளைவது அதன் தாயகத்தில் அன்று, ஆப்பிரிக்காவில்! டெட்டே குவார்ஷி என்பவர் 1879-ல் விதைகளைக் கானா நாட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது உலகின் கோகோவில் பாதிக்கு மேல் கானாவும் ஐவரி கோஸ்டும் தருகின்றன. நம் பொள்ளாச்சிப் பகுதியிலும் தென்னைகளின் நிழலில் கோகோ வளர்கிறது.

ஆனால் 2018-19-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் அவ்விரு நாடுகளிலும் நடந்த ஆய்வு, 15 லட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியர் கோகோ வேலையில் ஈடுபட்டிருந்ததாக மதிப்பிட்டது. அவர்களில் உங்கள் வயதினரும் உண்டு. கூரிய கத்தியால் காய் பிளப்பதும் பெரும் சுமை தூக்குவதும் அவர்கள் வேலைகளில் அடங்கும். பெற்றோருக்குக் கூலியாள் வைக்கும் அளவுக்கு வருவாய் இல்லாதது இதற்கு முக்கியக் காரணம்.

அஸ்டெக் காலத்தில் விளைவித்தவர் ஒருவர், சுவைத்தவர் மற்றொருவர். இன்றும் பெரும்பாலும் அப்படியே. கொழுப்பைப் பிரிக்கவும், ஆறு படிகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் மனிதனின் அறிவு வழி கண்டது. விதையை விளைவிப்பவருக்கு அதன் நியாயமான விலை போய்ச் சேர வழி காண்பதும் அதே அறிவின் கடமையே ஆகும்.