தற்சார்புப் பணியாளரும் கொள்ளைநோய்க்கால அரசு உதவியும்

தொழில் புரிந்து வாழ்வோரை இரு வகையினராகப் பகுத்துக் காண்பது உலக வழக்கு. பிறரிடம் பணியமர்ந்து திங்கள்தோறும் ஊதியம் பெறுவோர் ஒரு வகையினர். கடையோ தொழிற்கூடமோ நிறுவிப் பிறருக்கு ஊதியம் வழங்குவோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையுள்ளும் அடங்காத மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் எவரிடமும் நிலையாகப் பணியாற்றுவதில்லை. எவரையும் பணியில் அமர்த்துவதும் இல்லை. மொழிபெயர்ப்பாளர், மெய்ப்புத் திருத்துவோர், புகைப்படக் கலைஞர், திருமண மேடைகளில் இசைப்போர், கணினி நிரல் எழுதுவோர், வீடு தேடிச் சென்று பாடம் சொல்லித் தருவோர் எனப் பலரும் இவ்வகையினர். ஃப்ரீலான்சர் என்று இன்று பரவலாக வழங்கப்பெறும் இவரைத் தற்சார்புப் பணியாளர் என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

2020ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் உலகை முடக்கியபோது முதலில் வருவாய் இழந்தோருள் இவரும் ஒருவர். இவரை அரசு எவ்வாறு கண்டது, அரசு நீட்டிய உதவியை ஏற்பதா, ஏற்பதாயின் எதனை ஏற்பது என்று இவர் எவ்வாறெல்லாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது என்பதை அமெரிக்க ஐக்கிய நாட்டை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வோம். தமிழ் பயின்று வெளியேறும் நம் மாணவருள் பலர் மொழிபெயர்ப்பிலும் பதிப்புப் பணியிலும் இம்மூன்றாம் வகையினராகவே வாழ்வு தொடங்குவர் ஆதலின், இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று.

அமெரிக்காவில் வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் முறை 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தால் தோன்றியது. தொழிலாளரை அமர்த்திய முதலாளி செலுத்தும் வரியே அதன் மூலநிதி. முதலாளி இன்றேல் வரியில்லை. வரியின்றேல் உதவியும் இல்லை. எனவே தனித்துத் தொழில் புரிவோர் அச்சட்டத்தின் நிழலில் ஒதுங்க இயலாதவராயினர். எண்பத்தைந்து ஆண்டுகள் இந்நிலை பெரிதாக மாறவில்லை. வேலை நிறைந்திருந்த நாள்களில் அவரும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை என்றே கூறலாம்.

2020 மார்ச் 27 அன்று குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட நிவாரணச் சட்டம் இந்நிலையைத் தற்காலிகமாக மாற்றிற்று. ஏறத்தாழ 2 இலட்சம் கோடி டாலர் மதிப்பிலான அச்சட்டம் தற்சார்புப் பணியாளருக்கு ஒரே வேளையில் மூன்று கதவுகளைத் திறந்தது. முதலாவது, கொள்ளைநோய் வேலையின்மை உதவி. வழக்கமான உதவிக்குத் தகுதியற்ற தற்சார்புப் பணியாளருக்கு முதற்கண் 39 வாரங்கள் வரை தொகை வழங்க இஃது இடமளித்தது. மாநிலம் கணக்கிடும் வாரத் தொகையுடன் நடுவணரசு வாரந்தோறும் 600 டாலரை 2020 ஜூலை இறுதி வரை சேர்த்தளித்தது. இரண்டாவது, ஊதியப் பாதுகாப்புத் திட்டம். பெயரளவில் இது வங்கி வழியாகப் பெறும் கடன். விதித்தவாறு செலவிட்டால் முழுமையாகத் தள்ளுபடி ஆவது. மூன்றாவது, பேரிடர்க் கடன். இதற்கு வட்டி 3.75 விழுக்காடு, திருப்பிச் செலுத்தும் காலம் 30 ஆண்டு, இதில் தள்ளுபடி இல்லை. இக்கடனுக்கு விண்ணப்பித்தோர்க்குத் திருப்பித் தரவேண்டாத முன்பணமாக 10,000 டாலர் வரை வழங்கலாம் என்று சட்டம் கூறியிருந்தது. நடைமுறையில் அத்தொகை பணியாளர் ஒருவருக்கு 1,000 டாலர் என்று சுருக்கப்பட்டமையால், தனியொருவராய் உழைப்பவர் கைக்குப் பெரும்பாலும் 1,000 டாலரே வந்தது.

மூன்று கதவுகள் எனின் வளம்தானே என எண்ணத் தோன்றும். உள்ளே நுழைந்தவர்தாம் ஒவ்வொன்றின் அகலத்தையும் அறிந்தனர்.

ஊதியப் பாதுகாப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊதியம் வழங்கும் நிறுவனங்கள் ஏப்ரல் 3 முதல் விண்ணப்பிக்கலாம். தற்சார்புப் பணியாளர் ஏப்ரல் 10 முதல்தான் விண்ணப்பிக்கலாம் என்று காலம் வகுக்கப்பட்டது. அவர்தம் கடன் தொகையைக் கணக்கிடும் விதிகள் ஏப்ரல் 14 அன்றுதான் வெளியாயின. முதற்கட்டமாக ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் ஏப்ரல் 16 அன்று தீர்ந்தது. விதி தெரிந்த நாளுக்கும் பணம் தீர்ந்த நாளுக்கும் இடையே இருந்தது இரண்டே நாள்கள்! இந்நாள்களில் பல வங்கிகள் தம்மிடம் முன்னரே தொழிற்கணக்கும் கடனும் வைத்திருந்தோரின் விண்ணப்பங்களையே முதலில் எடுத்துக்கொண்டன. தன் பெயரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே வரவையும் செலவையும் நடத்தி வந்த எழுத்தாளரோ இசைக்கலைஞரோ வரிசையின் கடையிலேயே நின்றனர். ஏப்ரல் 24 அன்று மேலும் 31,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்ட பின்னரே அவர்களுட் பலருக்கு வழி பிறந்தது.

இனி, கணக்கிடும் முறைக்கு வருவோம். செய்தியின் உயிர்நாடி இங்கேயே உள்ளது. முந்தைய ஆண்டின் வருமானவரிப் படிவத்தில் காட்டிய நிகர இலாபத்தை எடுத்து, அது 100,000 டாலருக்கு மேற்படின் 100,000 என்றே கொண்டு, 12ஆல் வகுத்து, இரண்டரையால் பெருக்க வேண்டும். வருவதே கடன் தொகை. இதன்படி எவரும் பெறத்தக்க பேரளவு 20,833 டாலர். ஆண்டுக்கு 24,000 டாலர் நிகர இலாபம் காட்டியவர்க்குத் திங்களுக்கு 2,000. ஆகவே கடன் 5,000. நட்டம் காட்டியவர்க்கு ஒன்றும் இல்லை.

வரிக்கணக்கு எழுதும் தற்சார்புப் பணியாளர் எவரும் தம் செலவுகள் அனைத்தையும் கழித்தே நிகர இலாபம் காட்டுவர். புதிய புகைப்படக் கருவி, பயணம், வீட்டில் ஓர் அறையை அலுவலகமாக்கிய வாடகை யாவும் சட்டம் அனுமதிக்கும் கழிவுகள். நல்ல காலத்தில் நிகர இலாபம் குறையக் குறைய வரியும் குறைந்தது. கெட்ட காலத்தில் அதே எண் உதவியையும் குறைத்தது. ஒரே மனிதர், ஒரே உழைப்பு, ஆயின் கணக்கேட்டில் அவர் முன்னாளில் எழுதிய எண்ணே இடுக்கண் நாளில் அவருடைய உருவமாக அரசின்முன் நின்றது. ஊதியம் பெறுவோர்க்கு இத்தொல்லை இல்லை. அவருடைய ஊதியம் முதலாளியின் பதிவேட்டில் முழுமையாகவே காணப்படும். முறைப்படி செலவைக் கழித்தவரைக் குறை கூறுவதற்கு இதில் ஏதும் இல்லை என்பது நம் கருத்து. ஊதியக் கணக்கிற்கு என வகுத்த அளவுகோலை ஊதியமே இல்லாதவர்மீது வைத்து அளந்ததே பிழை.

கடனாய் வந்து கொடையாய் மாறும் இவ்வேற்பாடு வேறொரு தயக்கத்தையும் எழுப்பிற்று. தள்ளுபடி உறுதியா என்னும் ஐயம் பலருக்கும் இருந்தது. தள்ளுபடி ஆகாத பகுதிக்கு 1 விழுக்காடு வட்டி உண்டு. வட்டிக்கடனைத் தொடக் கூசும் முஸ்லிம்கள் அந்நாட்டிலும் உளர். சிறு வட்டியேனும் எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிடல் ஆகுமா என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டிற்கு இணையான வினாவாயிற்று. 2020 ஜூன் 5 அன்று செய்த திருத்தத்தால் செலவிடும் காலம் 8 வாரத்திலிருந்து 24 வாரமாக நீட்டப்பட்டது. அதன்பின், தனித்துத் தொழில் புரிவோர் கடன் முழுவதையும் தம் வருவாய் இழப்பிற்கு ஈடாகக் கொண்டு தள்ளுபடி பெறுதல் எளிதாயிற்று. அந்தத் தெளிவு கிடைப்பதற்குள் இரண்டு திங்கள் கழிந்திருந்தன.

இனி வேலையின்மை உதவியைக் காண்போம். மேற்கூறிய 24,000 டாலர்க்காரர் கடன் வழியே சென்றால் 5,000 பெறுவார். உதவித்தொகை வழியே சென்றால் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரை, நடுவணரசின் 600 டாலர் மட்டுமே 15 வாரத்திற்கு 9,000 ஆகும். மாநிலத் தொகை அதற்கு மேல். எனவே சிறு வருவாயினர்க்கு இதுவே மேல். ஒரே காலத்திற்கு இரண்டையும் பெறுதல் கூடாது என்பதால் எண்ணித் துணியவேண்டிய நிலை. ஆயின் இக்கதவும் எளிதில் திறக்கவில்லை. மாநில அலுவலகங்கள் தற்சார்புப் பணியாளரைக் கண்டறியாதவை. அவற்றின் கணினிகளும் அவ்வாறே. நியூஜெர்சி மாநில ஆளுநர் பழைய கோபால் என்னும் கணினிமொழி அறிந்தோர் உதவிக்கு வரவேண்டும் என்று 2020 ஏப்ரலில் வெளிப்படையாக அழைக்கும் அளவிற்கு நிலைமை இருந்தது. சட்டம் மார்ச்சில் பிறந்தும் பல மாநிலங்களில் பணம் வந்து சேர வாரங்கள் பல ஆயின.

பணம் வரத் தொடங்கிய பின்னும் வாரந்தோறும் ஒரு வினா. அவ்வாரம் ஈட்டிய வருவாயை அறிவிக்க வேண்டும். அது மாநிலத் தொகையைக் குறைக்கும். மாநிலத் தொகை சுழியமாகிவிட்டால் அதனுடன் சேர்ந்த 600 டாலரும் அவ்வாரம் கிடையாது. சில நூறு டாலருக்கு ஒரு சிறு மொழிபெயர்ப்புப் பணி வருமாயின் அதனை ஏற்பதா? ஏற்றால் இவ்வார உதவி போகலாம். மறுத்தால் அப்பணியைத் தந்தவர் மீண்டும் வாராது போகலாம். தற்சார்புப் பணியாளருக்கு வாடிக்கையாளரே முதல். பிப்ரவரியில் செய்த பணிக்கு மே திங்களில் காசோலை வந்தால் அதனை எந்த வாரத்துக் கணக்கில் எழுதுவது என்னும் வினாவும் எழுந்தது. திங்கள் ஊதியக்காரர் அறியாத இடர்ப்பாடுகள் இவை.

இவற்றினும் விந்தையானது கலப்பு வருவாயினர் நிலை. பெரும்பகுதி தனித்தொழிலிலும் சிறுபகுதி எங்கோ ஓரிரு திங்கள் ஊதியப் பணியிலும் ஈட்டியவர், அச்சிறு ஊதியத்தின் பொருட்டு வழக்கமான உதவிக்குத் தகுதியுடையவர் ஆகிவிட்டார்; அதனால் புதிய உதவிக்குத் தகுதியற்றவரும் ஆகிவிட்டார்! அச்சிறு ஊதியத்தைக் கொண்டே அவருக்குச் சிறு தொகை கணக்கிடப்பட்டது. தனித்தொழிலில் குறைந்தது 5,000 டாலர் ஈட்டிய இத்தகையோர்க்கு வாரம் 100 டாலர் கூடுதலாக அளிக்க 2020 டிசம்பர் 27 அன்று இயற்றிய சட்டம் வழிசெய்தது; அதனையும் ஏற்பது மாநிலங்களின் விருப்பம் என்றே விடப்பட்டது.

எண்களுக்கு அப்பால் மனத்தடை ஒன்றும் உண்டு. திருவள்ளுவர் ‘இரவு’ என ஓர் அதிகாரமும் அதனை அடுத்தே ‘இரவச்சம்’ என ஓர் அதிகாரமும் வகுத்தமையை நம் மாணவர் அறிவர். கேட்பதற்கும் கேட்க அஞ்சுவதற்கும் ஒருங்கே இடம் தந்த அவ்வமைப்பு இங்கு நினையத்தக்கது. தம் கையே தமக்கு உதவி என்று வாழ்ந்தவர், தம்மினும் வறியோர் இருக்கத் தாம் வாங்கலாமா எனக் கூசினர். ஆயின் இது வறியோர்க்கு அளிக்கும் ஈகை அன்று. நோயைத் தடுக்கும்பொருட்டு அரசே தொழிலை நிறுத்தச் சொன்னமைக்கு அளித்த ஈடு. அரங்கை அடைத்தது இசைக்கலைஞரின் குற்றமன்று. தகுதியுடையார் கூசி ஒதுங்கினர் என்பதால் தகுதியற்றோர் ஒதுங்கிவிடவில்லை. 2020 ஏப்ரல் முதல் 2023 மே வரை வேலையின்மை உதவித் திட்டங்கள் அனைத்திலும் சேர்த்து 10,000 கோடி முதல் 13,500 கோடி டாலர் வரை மோசடியில் போயிருக்கலாம் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2023இல் மதிப்பிட்டது. அதன் சுமையை நேர்மையாளரும் தாங்கினர். தொடக்கத்தில் வாய்மொழி உறுதியே போதும் என்றிருந்த நிலை மாறிப் பின்னர் சான்றுகள் கேட்கப்பட்டன. கூடுதலாகப் பெற்றீர் எனத் திருப்பிக் கேட்கும் மடல்களும் பலருக்கு வந்தன.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன எனச் சிறிது நோக்குவோம். பிரித்தானியா 2020 மார்ச் 26 அன்று அறிவித்த திட்டத்தில் வங்கிக்கும் கடனுக்கும் இடமில்லை. வரித்துறையே தன்னிடமுள்ள மூன்றாண்டுக் கணக்கின் சராசரி இலாபத்தைக் கண்டு, அதில் 80 விழுக்காட்டை மூன்று திங்களுக்குச் சேர்த்து 7,500 பவுண்டு வரை கொடையாக வழங்கிற்று. மே 13 முதல் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஐந்து தவணைகளில் ஏறத்தாழ 29 இலட்சம் பேர் பயன்பெற்றனர். எளிமையில் இது அமெரிக்க முறையினும் மேம்பட்டதே. எனினும் இதற்கும் கூரிய விளிம்புகள் இருந்தன. சராசரி இலாபம் 50,000 பவுண்டைச் சற்றே தாண்டினும் ஒன்றுமில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின் தொழில் தொடங்கியவர்க்கு முதல் மூன்று தவணைகளிலும் இடமில்லை. மகப்பேற்றுக்காக ஓய்ந்திருந்த பெண்களின் சராசரி அவ்வோய்வால் தாழ்ந்தது. இக்குறை நீதிமன்றம் வரை சென்றது. செருமனியிலோ நடுவணரசு ஐந்து பணியாளர் வரை கொண்ட தொழிலுக்கும் தனித்தொழிலருக்கும் மூன்று திங்களுக்கு 9,000 யூரோ வரை அளித்தது. ஆயின் அது தொழிற்செலவுக்கு மட்டுமே, உணவுக்கும் வீட்டு வாடகைக்கும் அன்று. மேசையும் தலையுமே முதலாகக் கொண்ட மொழிபெயர்ப்பாளருக்குத் தொழிற்செலவு எங்கிருந்து வரும்? உயிர் வாழ்வதற்கு வறியோர்க்கான அடிப்படை உதவியை நாடுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது.

அமெரிக்காவிலும் அளவுகோல் மாறாமல் இல்லை. 2021 மார்ச் முதல் நிகர இலாபத்திற்கு மாற்றாகச் செலவு கழிக்காத மொத்த வருவாயைக் கொண்டு கடனைக் கணக்கிடலாம் என்று விதி திருத்தப்பட்டது. ஓராண்டாகத் தற்சார்புப் பணியாளர் முறையிட்டு வந்த குறை இதுவே. ஆயின் முன்னரே ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு அத்திருத்தம் பொருந்தாது என்றும் கூறப்பட்டது. முந்தி விண்ணப்பித்தவர் சிறு தொகையுடன் நிற்க, காலந்தாழ்த்தி வந்தவர் அதே வருவாய்க்குப் பெருந்தொகை பெற்றார். அத்திட்டம் 2021 மே 31இல் முடிந்தது. வேலையின்மை உதவியை ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் அவ்வாண்டுக் கோடையிலேயே நிறுத்தின. எஞ்சிய இடங்களில் செப்டம்பர் தொடக்கத்தில் அது முடிவுற்றது. அதன்பின் தற்சார்புப் பணியாளர்க்கென நாடு முழுமைக்குமான நிலையான வேலையின்மைக் காப்பு எதுவும் சட்டமாகவில்லை. பேரிடர்க் கடன் பெற்றோரின் 30 ஆண்டுத் தவணை மட்டும் தொடர்ந்து வருகிறது.