டீஸல் எஞ்சினும் எண்ணெய் வடிகட்டியும்

நெற்பயிர் கதிர் வாங்கும் சமயத்தில் இறைவை எஞ்சின் நின்றுவிடுமாயின் அதனால் விளையும் நஷ்டம் சொல்லுந்தரமன்று. எஞ்சின் பளு தாங்காமல் தளர்வதையும், சிறிது நேரம் ஓடி நின்று பின்னர் மறுபடி கிளம்புவதையும் கண்ட குடியானவர்களிற் பலர், நாஸிலின்மேல் குற்றஞ்சாட்டி அதைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிவிடுகின்றனர். வடிகட்டி அடைபட்டிருக்கிறதா என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும். அடைபட்ட வடிகட்டி வழியே எண்ணெய் சிறுகச் சிறுகக் கசிந்து சேர்வதனாலேயே எஞ்சின் சற்று ஓய்ந்தபின் கிளம்புகின்றது.

டீஸல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் எண்ணெய் தெளிக்கப்பட்டுத் தானே எரிகின்றது. எண்ணெயை இங்ஙனம் செலுத்தும் பம்பின் தண்டிற்கும் அதன் உறைக்கும் இடையேயுள்ள சந்து, ஒரு மில்லிமீட்டரை 1,000 பாகமாக்கினால் அதில் 2 அல்லது 3 பாகமேயாம். தலைமயிரின் கனமோ ஏறக்குறைய 70 பாகம். ஆகையால் கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அவ்விடத்தை அராவிக் கெடுத்துவிடும், தண்ணீர் துருவேற்றும். பம்பைச் செப்பனிடும் செலவை நோக்க வடிகட்டியின் விலை அற்பமே.

மாற்றுங்கால் எஞ்சினை நிறுத்தி, டாங்கிக் குழாயை மூடி, வடிகட்டியின் வெளிப்புறத்தை முதலில் துடைத்தல் வேண்டும். கிண்ணத்தைக் கழற்றி, அடியில் தங்கிய தண்ணீரையும் வண்டலையும் கொட்டிவிட்டு, நல்ல டீஸலால் அலம்புக. பழைய காகிதச் சுருளை அலசி மீண்டும் போடுதல் சிக்கனமாகாது. நனைந்து இளகிய காகிதம் எங்கேனும் கிழியுமாயின் அழுக்கு நேரே பம்பிற்குச் செல்லும். ரப்பர் வளையமும் புதிதாகவே இருத்தல் நலம்.

இவ்வளவும் செய்த பின்னரும் எஞ்சின் கிளம்பாமற் போவதற்குக் காரணம் உள்ளே புகுந்த காற்று. டாங்கிக் குழாயைத் திறந்து, வடிகட்டியின் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் குமிழியுடன் நுரைத்து வரும். குமிழியற்றுத் தெளிந்த தாரை வரும்வரை காத்திருந்து திருகை இறுக்குக. பின்பு பம்பின் திருகிலும் அவ்வாறே செய்க. அவசரப்பட்டு இதைப் பாதியில் விடுவோர் வீணே கைப்பிடி சுற்றிக் களைக்கின்றனர்.

கார்களுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும். அவற்றில் கையால் அமுக்கும் சிறு பம்பினால் காற்றைப் போக்குவர். ஆனால் 1997 முதல் வந்துள்ள பொதுக்குழாய் வகைக் கார்களில் எண்ணெயின் அழுத்தம் 1,000 வளிமண்டலத்திற்கும் மேற்படுமாதலால், நாஸில் குழாய்களைத் தளர்த்தவே கூடாது. அத்தாரை தோலைத் துளைத்து உடலுட் புகும்.

வடிகட்டி விரைவில் அடைபடுமிடத்துப் பீப்பாயைச் சோதிக்க. நாகமுலாம் பூசிய தகரத்தில் டீஸல் வைப்பின் நாகம் கரைந்து வழவழப்பான கசடாகி வடிகட்டியை அடைக்கும். எண்ணெயை ஓரிரவு அசையாமல் வைத்து, அடியில் நாலு விரற்கடை விட்டு மேலெண்ணெயை மட்டும் எடுத்து வழங்குக. டாங்கியை மாலையிலேயே நிரப்பிவிட்டால் இரவுக் குளிரில் உட்புறம் நீர் வேர்த்து எண்ணெயில் கலப்பது குறையும். பலர் கைபடும் ஊர்ப்பொது எஞ்சினாயின், மாற்றிய தேதியைக் கிண்ணத்தின்மேல் எழுதி வைப்பது ஊர் அதிகாரிகளின் பொறுப்பு.